ஒரே வெயில், இரண்டு மாவட்டம்

பருவநிலை மாற்றத்தால் எந்த நாட்டு மக்களின் உடல்நலம் அதிகம் கெடும் என்று வரிசைப்படுத்தும் பட்டியல்கள் அவ்வப்போது செய்தியில் வருகின்றன. இந்தியா ஓரிடத்தில், இலங்கை வேறோரிடத்தில் என்று படித்ததும், அங்கே வெயில் குறைவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பட்டியல்கள் வெயிலை மட்டும் அளப்பதில்லை. வெயிலும் வெள்ளமும் எவ்வளவு தாக்குகின்றன, தாக்கினால் தாங்க முடியாதவர்கள் யார், அவர்களைக் காக்கக் கையில் என்ன இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்தே கணக்குப் போடுகின்றன.

இலங்கையையே பாருங்கள். 1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. கொசு பெருகி, மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அதே நாட்டை 2016இல் மலேரியா ஒழிந்த நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இடையில் வறட்சி வராமலா இருந்தது? வந்தது. மூன்றாவது கணக்குதான் மாறியிருந்தது.

நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதில் ஒரு சிக்கல், சராசரி எல்லாவற்றையும் மூடிவிடும். தமிழ்நாட்டின் பெரம்பலூரும் அரியலூரும் 2007இல் பிரியும் முன் ஒரே மாவட்டம். பெரம்பலூர்ப் பக்கம் ஓடிவரும் மருதையாறுதான் அரியலூரைக் கடந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. வெயிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நோய் வரும் வழி வேறு.

பெரம்பலூர் மானாவாரி பூமி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். வெங்காயம் பிடுங்கும் நாளில், தாள் அறுக்க உட்காரும் பெண்களுக்கு மேலே முந்தானைதான் நிழல். ஒதுங்க மறைவிடம் இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் நீர்க்கடுப்பு, தலைசுற்றல். இது வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிறுநீரகம் என்ன ஆகும்? எந்த வெப்பமானியும் இதைக் காட்டாது. வறண்ட ஊரில் டெங்கு வராது என்பதும் தப்புக் கணக்கு. குழாயில் தண்ணீர் தினமும் வராத ஊரில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பார்கள். டெங்கு கொசுவுக்கு அதுவே போதும்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமென்ட் ஆலைகள், ஓயாமல் ஓடும் லாரிகள். புழுதியில் ஏற்கெனவே இளைத்த நுரையீரலுக்குக் கோடை இன்னொரு சுமை. தெற்கு எல்லையில் கொள்ளிடம். மேட்டூர் நிரம்பி உபரிநீர் வரும் ஆண்டுகளில் திருமானூர், தா.பழூர் பக்கத்துக் கரையோர ஊர்களுக்கு வெள்ளக் கவலை. வெள்ளம் வடிந்த பிறகுதான் வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் எட்டிப் பார்க்கும்.

காக்கும் வழிகளிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூருக்கு ஒன்று கிடைத்தது. பெரம்பலூர் அந்தப் பட்டியலில் இல்லை. நான்குவழிச் சாலையில் திருச்சிக்குப் போய்விடலாம் என்பார்கள். வெப்பத்தாக்கில் விழுந்தவரின் உடம்பை முதல் அரைமணிக்குள் குளிர்விக்க வேண்டும், அதற்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம்தான் கதி. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பருவநிலைத் திட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வெயில் முதலில் சாய்ப்பது ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்களை. வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறவர், கோடையில் கூடுதலாக எவ்வளவு தண்ணீர் குடிப்பது, எந்த மாத்திரைக்கு மருத்துவரைக் கேட்பது என்பதையும் சொன்னால், செலவில்லாமல் பல உயிர் தப்பும்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறந்த பிறகு வரும் பணம் அது. இரண்டு மாவட்டங்களுக்கும் ஒரே கோடைக்காலச் சுற்றறிக்கை அனுப்புவதில் பயனில்லை. பெரம்பலூருக்கு வேலை நேர மாற்றமும் வயலோரக் கழிப்பறையும் முதலில் வேண்டும். அரியலூருக்குப் புழுதிக் கட்டுப்பாடும் வெள்ளத்துக்குப் பிந்தைய குடிநீர்ப் பரிசோதனையும் வேண்டும். அடுத்த கிராம சபையில் உங்கள் ஊருக்கு எது தேவையோ அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.