கொம்பு எத்தனை அங்குலம்?

வேங்கிக்காலில் நம் நண்பர் ஒருவருடைய வீட்டுக் கூடத்தில் ஒரு ஜோடிப் புள்ளிமான் கொம்பு தொங்குகிறது. வேட்டை வழக்கத்திலிருந்த காலத்தில் அவருடைய தகப்பனார் சுட்டு வந்தது. "36 அங்குலம்!" என்பது அந்தக் குடும்பத்தின் பிதுரார்ஜிதப் பெருமை. சென்ற மாதம் நாம் அங்கே போயிருந்தபோது நண்பரின் பேத்தி தையல் நாடாவை எடுத்து வந்து அளந்துவிட்டாள். அடியிலிருந்து நுனிவரை, வெளி வளைவோடு சேர்த்து, 27 அங்குலம்தான்!

"கொள்ளுத் தாத்தா பொய் சொன்னாரா?" என்று குழந்தை கேட்டாள். நண்பர் வாய் திறக்கவில்லை. அவருக்காக நாம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

பொய்யன்று, அம்மா, கண்ணின் மயக்கம். அந்தி மங்கலில் புதரோரம் ஒரு கலைமான் தலை நிமிர்ந்து நிற்கிறது. பார்ப்பவன் நெஞ்சு படபடக்கிறது. படபடக்கும் நெஞ்சு அங்குலங்களைத் தாராளமாய்க் கூட்டிவிடும். நேர்முகமாய் நின்றால் கொம்பின் அகலந்தான் தெரியும், நீளம் தெரியாது. புறங்காட்டி ஓடினாலோ உள்ளதைவிடப் பெரிதாய்த் தோன்றும். வளரும் பருவத்தில் கொம்பைப் பட்டுப் போன்ற தோல் போர்த்திருப்பதால், மெல்லியதும் தடித்ததாய்க் காணும். கிளைகளை எண்ணியும் பயனில்லை. அடியில் ஒன்று, நுனியில் இரண்டு; சிறிய கொம்பானாலும் பெரிய கொம்பானாலும் புள்ளிமானுக்குப் பெரும்பாலும் மூன்றே கிளைகள்.

தேர்ந்த வேட்டைக்காரர்கள் மானின் உடலையே அளவுகோலாக்கினார்கள். மான் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து, கொம்பில் எத்தனை காது அடங்கும் என்று பார்ப்பார்கள். காதை 6 அங்குலமென்று கொண்டால், நான்கு காது 24 அங்குலம். வளைவுக்காகச் சிறிது கூட்டிக்கொள்ளலாம். 30 அங்குலக் கொம்பே சிறந்ததென மதிக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு மீட்டரை எட்டுபவை மிக அபூர்வம்.

ஆனால் நிதானம் தவறிய வேட்டைக்காரனுக்குத் தன் கணக்குப் பிசகு தெரிவது எப்போது? மான் விழுந்த பிறகு. மாட்டுக் கொம்பு போலன்றி, மான் கொம்பு முழுதும் எலும்பு. விழுந்து விழுந்து முளைப்பது. அன்று துப்பாக்கி வெடிக்காதிருந்தால், அந்த 27 அங்குலம் தானே உதிர்ந்து, மறுமுறை அதைவிட நீண்டது முளைத்திருக்கவும் கூடும். சுவரில் தொங்குவது என்றும் 27தான்.

1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமங்களுக்கும் முடிவு கட்டியது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பும் அரசாங்க உடைமையே. எடுத்து வருவது குற்றம். ஆயினும் வேட்டைக்காரனின் கண்கணக்கு வீணாகவில்லை. ஜார்ஜ் ஷாலர் 1963 முதல் 1965 வரை கானாக் காட்டில் மான்களை ஆராய்ந்து, 1967-இல் நூலாக வெளியிட்டார். அவரைப் போன்ற ஆராய்ச்சியாளர்கள் கொம்பைப் பார்த்தே இளங்கலை எது, முதிர்ந்த கலை எது என்று பிரிக்கிறார்கள். அதற்குத் தோட்டா வேண்டியதில்லை.

அன்று மாலை மூவரும் கிரிவலப் பாதையோரம் நடந்தோம். அருணாசல மலையடிக் காட்டில் ஒரு கலைமான் மேய்ந்துகொண்டிருந்தது. "36 இருக்கும்!" என்றார் நண்பர், பரம்பரைக் குணம் போகாமல். குழந்தை பொறுமையாய் நின்றாள். மான் பக்கவாட்டில் திரும்பியது.

"நாலரைக் காது, தாத்தா. 27!"

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாய்ச் சொன்னார்: "இது இன்னும் வளரும், கண்ணு."