இரண்டையும் ருசித்தவர் யார்?

அறிவால் வரும் இன்பமே உயர்ந்தது, உடம்பால் வருவது அதற்குக் கீழ்தான் என்ற நம்பிக்கை படித்தவர்களிடையே கேள்வியின்றி உலவுகிறது. ஆதாரம் கேட்டால், "இரண்டையும் அனுபவித்தவரைக் கேளுங்கள்" என்பார்கள். பிளேட்டோ 'குடியரசு' நூலின் ஒன்பதாம் பகுதியில் இந்த வாதத்தை வைத்தார். தத்துவ அரசன் கொடுங்கோலனைவிட 729 மடங்கு இன்பமாக வாழ்கிறான் என்று அங்கேயே கணக்கும் போட்டார். 1861இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 'பயன்பாட்டுவாதம்' நூலில் அதே வாதத்தைப் புதுப்பித்தார்.

இரண்டு இன்பங்களையும் சமமாக அறிந்து, சமமாக ரசிக்கக்கூடியவரே நடுவர் என்கிறார் மில். சரி. அறிவின்பத்தைக் கைவிட்டு மற்றதற்குப் போனவர்கள் இருக்கிறார்களே? அவர்கள் உயர்ந்ததை ரசிக்கும் திறனை முன்பே இழந்தவர்கள் என்று தள்ளிவிடுகிறார். அப்படியானால் வாழ்நாளெல்லாம் புத்தகத்தோடு கிடந்தவர் உடம்பின் இன்பத்தை ரசிக்கும் திறனை இழந்திருக்க மாட்டாரா? இந்தக் கேள்விக்கு அவர் வாதத்தில் இடமே இல்லை. எதிர்சாட்சி சொல்பவரையெல்லாம் தகுதியற்றவர் என்று வெளியே அனுப்பிவிட்டு, மிச்சமிருப்பவர்கள் சொன்னதைத் தீர்ப்பு என்று எப்படி ஏற்பது?

மில்லையே நடுவராக வைத்துப் பார்ப்போம். மூன்று வயதில் கிரேக்கம். தந்தை ஜேம்ஸ் மில் இந்திய வரலாறு எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அகராதி லத்தீனில் இருந்ததால், தெரியாத சொல்லுக்கெல்லாம் தந்தையைத்தான் கேட்க வேண்டும். விடுமுறை கிடையாது, மற்றப் பையன்களோடு பழக்கம் கிடையாது. சாதாரண உடற்பயிற்சிகள்கூடத் தெரியாமல் வளர்ந்ததாக அவரே சுயசரிதையில் எழுதுகிறார். வியர்க்க விளையாடிவிட்டுப் பசியோடு வீடு திரும்பும் பையனின் சந்தோஷத்தை எடைபோட, அவரே வகுத்த அளவுகோலின்படி, அவருக்கு என்ன தகுதி இருந்தது?

1826இல், இருபது வயதில், அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்: நான் விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்தக் கணமே நிறைவேறினால் மகிழ்வேனா? இல்லை என்றே பதில் வந்தது. மாதக்கணக்கில் மனம் இருண்டு கிடந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மர்மோந்தேலின் நினைவுக் குறிப்புகளில், தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்தைத் தாங்க உறுதிகொள்ளும் இடத்தைப் படித்து அழுதபோதுதான் பாரம் குறைந்தது. 1828இல் வேர்ட்ஸ்வர்த்தின் கவிதைகள் மேலும் தேற்றின. கவிதையும் அறிவின்பம்தானே என்பார்கள். இருக்கட்டும். ஆனால் எதையும் அலசிப் பார்க்கும் பழக்கம் உணர்ச்சியை அரித்துவிடும் என்று தன் நோய்க்குக் காரணம் சொன்னவரும் அவர்தான்.

முட்டாளாகி நிம்மதியாய் இருக்க எந்த அறிவாளியும் சம்மதிக்கமாட்டார் என்பது மில்லின் கடைசி வாதம். உண்மைதான், கண்ணியம் பெரிது. ஆனால் கண்ணியத்துக்காக ஒருவர் மகிழ்ச்சியை இழக்கவும் துணிவார். அந்தத் துணிவை வைத்து அவரே அதிக மகிழ்ச்சியுள்ளவர் என்று நிறுவ முடியாது.

வாசிப்பின் மேல் எனக்குக் கோபமில்லை, அது என் வாழ்வின் பெரிய சந்தோஷம். படிக்காதவர் "நான் சந்தோஷமாக இருக்கிறேன்" என்று சொல்வதைச் செல்லாது என்று ஒதுக்குவதுதான் பொறுக்கவில்லை. தன் மகிழ்ச்சியைப் பற்றிக்கூட அவர் பேச்சு செல்லாது என்றால், நாட்டைப் பற்றி அவர் சொல்வதற்கு என்ன மதிப்பு மிஞ்சும்? அதே 1861இல் வெளிவந்த பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய தம் நூலில், படித்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் தர வேண்டும் என்று மில் வாதிட்டார்.