ஒரே இலக்கு, இரண்டு திட்டம்... 10 பேர் போய் 2 பேர் திரும்பிய கதை!

1942, டிசம்பர் 7. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்ஸின் மேற்குக் கரையருகே, பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இருட்டில் மேலே வந்தது. அதிலிருந்து 5 சிறு படகுகள் கடலில் இறங்கின. படகுக்கு இருவர். இன்ஜின் கிடையாது, துடுப்பு மட்டும்தான்!

எதிரியின் கரையில் சிறு குழுவாகப் புகுந்து அடித்துவிட்டுத் திரும்பும் படைகளை 1940 முதலே பிரிட்டன் உருவாக்கி வந்தது. மேஜர் ஹாஸ்லர் தலைமையிலான இந்த ராயல் மரீன்ஸ் குழுவும் அந்த வகைதான். ஆற்றில் சுமார் 100 கி.மீ உள்ளே இருக்கும் போர்டோ துறைமுகம்தான் இலக்கு. ஜப்பான் கைப்பற்றிய நாடுகளிலிருந்து ஜெர்மனிக்கு ரப்பர் கொண்டுவந்த கப்பல்கள் அங்குதான் நின்றன.

முதல் இரவே 3 படகுகள் பிரிந்துபோயின. மற்றவர்கள் பகலில் நாணல்களுக்குள் பதுங்கி, இரவில் துடுப்புப் போட்டார்கள். ஐந்தாவது இரவு, போர்டோவில் தாக்குதலைத் தொடங்கியவை 2 படகுகள் மட்டுமே. காந்தக் குண்டுகளைக் கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, காவலாளி ஒருவரின் டார்ச் வெளிச்சம் ஹாஸ்லரின் படகின் மேல் விழுந்தது. இருவரும் அசையவில்லை. மிதக்கும் கட்டை என்று நினைத்தாரோ என்னவோ, காவலாளி சும்மா விட்டுவிட்டார்.

மறுநாள் குண்டுகள் வெடித்து, பல கப்பல்கள் சேதமடைந்தன. ஆனால் விலை?

குளிர்ந்த நீரில் இருவர் இறந்தனர். பிடிபட்ட 6 பேரை ஜெர்மானியர்கள் சுட்டுக்கொன்றனர். சீருடையில் வந்திருந்தாலும் கமாண்டோக்களைக் கொல்ல வேண்டும் என்று அந்த அக்டோபரில்தான் ஹிட்லர் ரகசிய ஆணை போட்டிருந்தார். ஹாஸ்லரும் அவருடைய துணை வீரர் ஸ்பார்க்ஸும் சுமார் 160 கி.மீ நடந்து, பிரெஞ்சு மக்களின் உதவியோடு ஸ்பெயின் வழியாகத் தப்பினார்கள்.

இதில் மனதை அறுக்கும் விஷயம் இன்னொன்று. அதே சமயத்தில் போர்டோவிலேயே, பிரிட்டனின் மற்றொரு ரகசியத் துறையான எஸ்.ஓ.இ-யின் ஏஜென்ட் கிளாட் டி பைசாக், இதே கப்பல்களைத் தகர்க்கத் திட்டமிட்டிருந்தார். இவர்கள் வருவது அவருக்குத் தெரியாது. அவர் அங்கே இருப்பது இவர்களுக்கும் தெரியாது. லண்டனில் ஒரு துறை இன்னொரு துறையிடம் சொல்லவே இல்லை!

துறைகளின் திட்டங்கள் ஒன்றோடொன்று மோதாமல் கவனிக்க ஓர் அதிகாரியை நியமித்தார்கள். ஆனால், அது இந்தத் தாக்குதலுக்குப் பிறகுதான்.

ஆற்றில் இறங்கியவர்களின் துணிச்சலில் குறையே இல்லை. குறை, அனுப்பியவர்கள் பேசிக்கொள்ளாததில் இருந்தது.