அயல் நீர்வாழ் உயிரினங்களைக் கட்டுப்படுத்தக் கொள்கை வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: பிள்ளைச்சாவடி மீனவர் சங்கத்தார், பிள்ளைச்சாவடி, புதுச்சேரி.

பெறுநர்: இயக்குநர் அவர்கள், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, புதுச்சேரி அரசு.

பொருள்: அயல்நாட்டு மட்டி, மீன், நீர்ச்செடிகள் பரவுவதைத் தடுக்கக் கொள்கை வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எண்ணூர் கழிமுகத்துக்கு நேர்ந்தது நம் அரியாங்குப்பம் ஆற்றுக்கும் நேரக்கூடாது என்றே இம்மனுவை அளிக்கிறோம். எண்ணூர் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று சொல்லும் கறுப்பு மட்டி, அங்குள்ள கொசஸ்தலை ஆற்றுச் சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இது கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இறால் புதைந்து ஒதுங்கச் சேறு இல்லை. மஞ்சள் மட்டி அற்றுப்போகிறது. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவுவோரின் காலை ஓட்டின் விளிம்பு கிழிக்கிறது. இந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியதாயிற்று.

இந்த மட்டி படகின் அடியில் ஒட்டிக்கொண்டும் ஊர் விட்டு ஊர் போகும். தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு வெளியூர்ப் படகுகள் வராத நாளில்லை. எனவே அரியாங்குப்பம், சுண்ணாம்பாறு, காரைக்கால் அரசலாறு முகத்துவாரங்களை இப்போதே ஆய்வு செய்ய வேண்டும். இதற்கு உதவக் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை பக்கத்திலேயே இருக்கிறது.

புதிதாக ஒன்று வலையில் சிக்கினால் முதலில் பார்ப்பவர்கள் நாங்கள். அதை யாரிடம் சொல்வது? மீன்வளத்துறை, வனத்துறை, பொதுப்பணித்துறை என்று அலைய எங்களால் முடியாது. இதற்கென ஓர் அதிகாரியை நியமித்து, தகவல் கிடைத்த ஒரு வாரத்துக்குள் அவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று ஆணையிடக் கோருகிறோம். எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுவே.

ஏரிகளில் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையிலேயே குவிப்பதை நிறுத்த வேண்டும். மழை பெய்தால் அது திரும்பவும் தண்ணீருக்குள்தான் போகிறது. 2000-இல் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கும் குட்டைகளையும், கண்ணாடித் தொட்டியில் வளர்ந்துபோன ‘டேங்க் கிளீனர்’ மீன்களைக் குளத்தில் விடும் பழக்கத்தையும் கண்காணிக்க வேண்டும். ஜிலேபி மீனும் 1952-இல் வந்த அயல் மீன்தான். இன்று சந்தையில் நின்று விற்கிறது. வந்ததெல்லாம் கெடுதல் என்று நாங்கள் சொல்லவில்லை, விடுவதற்கு முன் சோதியுங்கள் என்கிறோம்.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே நடந்தால் பொம்மையார்பாளையம், அது தமிழ்நாடு. ஊசுட்டேரியில் பாதி அவர்களுடையது. சங்கராபரணி ஆறும் அங்குள்ள செஞ்சி மலையிலிருந்துதான் வருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் சுத்தம் செய்வது வீண் செலவு. தமிழ்நாடு 2022-இல் அயல் தாவரங்களுக்கென வெளியிட்ட கொள்கை பெரும்பாலும் காட்டைப் பற்றியது. நீர்நிலைகளுக்கு இரு அரசுகளும் கூட்டுக்குழு அமைத்து, மீனவப் பெண்களுக்கும் அதில் இடம் தர வேண்டும். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அயல் உயிரினங்களின் இறக்குமதி, விற்பனையைத் தடுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அதைப் பயன்படுத்தப் புதுச்சேரி அரசு எழுத்து மூலம் கோர வேண்டும்.

முகத்துவார ஆய்வுக்குப் படகும் ஆளும் தர நாங்கள் தயார். டீசல் செலவைத் துறை ஏற்க வேண்டும். இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.

நகல்: மாவட்ட ஆட்சியர், புதுச்சேரி; வனத்துறை, புதுச்சேரி.