தோலுரிப்பு மோகம்

நேர்முகத் தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் நம் விடுதிகளிலே ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "முகத்துக்குப் பீல் செய்துகொள்ள எந்த இடம் மலிவு?" கேட்பதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. வேலை கொடுக்க வருபவர் பார்க்கவேண்டும். ஊரிலே பெண் பார்க்க வருபவர் மெச்சவேண்டும். பட்டமளிப்பு விழாப் படத்திலே முகம் பளிச்சென்று விழவேண்டும். 'கெமிக்கல் பீல்' எனப்படும் இந்தத் தோலுரிப்பைப் பற்றி நம் சங்க இதழிலே சில சொற்கள் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். முகத்திலே ஓர் அமிலத்தைப் பூசுகிறார்கள். மேல்தோலின் இறந்த செல்களைப் பிணைத்திருக்கும் கட்டினை அது தளர்த்துகிறது. சில நாட்களிலே அந்த அடுக்கு உரிந்து, புதுத்தோல் தலைகாட்டுகிறது. இது நேற்றுப் பிறந்த வித்தையன்று. ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, சாலிசிலிக் அமிலமும் பீனாலும் தோலின்மீது செய்யும் வேலையை 1882ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். கரும்பிலே காணப்படும் கிளைக்காலிக் அமிலம், புளித்த பாலிலே உண்டாகும் லாக்டிக் அமிலம் ஆகியவை மேலோட்டமாக உரிப்பவை. ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் இன்னும் ஆழம் செல்லக்கூடியது. பீனாலோ மிக ஆழம் பாய்வது. இரத்தத்திலே கலந்து இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யவல்லது. ஆகவே இதயத்தைக் கண்காணிக்கும் கருவி பக்கத்திலே இல்லாமல் அதைத் தொடலாகாது.

இதனால் நன்மையே இல்லையா? உண்டு. பருவும், பரு விட்டுச்சென்ற கருந்தடமும், மங்கும் தேர்ந்த மருத்துவர் கையிலே பல தடவைச் சிகிச்சையில் குறைவதுண்டு. குழி விழுந்த ஆழமான தழும்பு மட்டும் மேலோட்டமான உரிப்புக்கு மசியாது. முகமெல்லாம் பருவோடு வகுப்பிலே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவரின் வேதனை எனக்குத் தெரியும். "படிக்க வந்தவர்களுக்கு முகமினுக்கு எதற்கு?" என்று ஏசும் பெரியவர்களோடு நான் சேரமாட்டேன். பல்வலிக்கு மருத்துவரிடம் போகலாமென்றால் பருவுக்கும் போகலாம்.

ஆனால் நம்மவருள் பலர் பருவுக்காகப் போகவில்லை, நிறத்துக்காகப் போகிறார்கள். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதை ஆக்கும் செல்கள் மேல்தோலின் அடித்தட்டிலே இருக்கின்றன. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் அச்செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் தன்மையுமே வேறு. மேலே எத்தனை முறை உரித்தாலும் அடியிலிருக்கும் பட்டறை பிறப்பிலே பெற்ற கட்டளைப்படியே வேலை செய்யும். அதைச் சுட்டுப் புண்படுத்தினாலோ, முன்னிலும் மிகுதியாக மெலனினைக் கொட்டும். மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் இந்த ஆபத்து அதிகம். வெளுப்பை நாடிச் சென்றவர் மாதக்கணக்கில் கருந்திட்டோடு உலவ நேரிடும்.

எங்கள் விடுதியிலே, அடுத்த அறைத் தோழி ஒருத்திக்கு இதுவே நேர்ந்தது. கடைத்தெருவிலே ஓர் அழகு நிலையத்தில் பூசிய அமிலத்தை உரிய நேரத்தில் துடைக்காமல் விட்டுவிட்டார்கள். கன்னங்கள் இரண்டும் வெந்துவிட்டன. மறு வாரம் ஹோலி. ஊரெல்லாம் வண்ணம் பூசி ஆடியபோது அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே கிடந்தாள். என்ன அமிலம், எவ்வளவு வீரியம் என்று போய்க் கேட்டேன். அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை! கிளைக்காலிக் அமிலத்தை மருத்துவர்கள் 70 சதவிகிதம் வரையிலும் கையாளுகிறார்கள். வீட்டுப் பூச்சுகளுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் கூடாதென்பது அமெரிக்க நிபுணர் குழுவின் வரம்பு. வீரியம் மிகுந்த பீல் குப்பிகளை வாங்கி வீட்டிலே தாமே பூசிக்கொள்ள வேண்டாமென்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் மக்களை எச்சரித்தது. இங்கே அத்தகைய குப்பிகள் விடுதி வாசலுக்கே பொட்டலமாக வந்து இறங்குகின்றன.

இந்த மோகத்துக்கு வித்திட்டவர் யார்? வடக்கே நம்மைக் 'காலா' என்று அழைத்தால் உள்ளம் குமுறுகிறோம்; குமுறுவது நியாயந்தான். ஆனால் நம் மெஸ் மேசையிலே, நம் தாய்மொழியிலே, 'கரிச்சட்டி' என்றும் 'கருவாயன்' என்றும் பட்டப்பெயர் சூட்டிச் சிரிப்பவர் எந்த நாட்டார்? "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி சொல்லும் அதே வாய், அண்ணனுக்கு வரன் தேடும்போது "பெண் சிவப்பா?" என்று கேட்கிறதே! 1975இல் கடைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. குழாயின் மேலிருந்த பெயர் மாறிவிட்டது. நம் நாக்கு இன்னும் மாறவில்லை.

ஆதலால் மூன்று வேண்டுகோள். வேலைத் தேர்வுக் காலத்துக்கு முன்பே தோல் மருத்துவர் ஒருவரை அழைத்து நம் சங்கம் ஒரு கூட்டம் நடத்தட்டும். சிகிச்சை வேண்டுவோர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லட்டும். பருவுக்கு உண்ணும் மாத்திரை, உதட்டுக் கொப்புளம், தடித்து வளரும் தழும்பு எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லட்டும். உரித்தபின் வெயில் காப்புப் பூச்சைத் தவறாமல் பூசட்டும். மூன்றாவதற்குக் காசும் வேண்டாம், மருத்துவரும் வேண்டாம். நிறத்தை வைத்துச் சூட்டிய பட்டப்பெயர்களை இன்றிரவுச் சாப்பாட்டு மேசையிலிருந்தே விட்டுவிடுவோம். அவரவர்க்குப் பெற்றோர் இட்ட நல்ல பெயர் இருக்கிறது, தோழர்களே. அதைச் சொல்லி அழைப்போம்.