கொடைக்கானலில் இரண்டு நாள்

விடுப்பில் மங்கலம்பேட்டை வந்துள்ள மச்சான், கொடைக்கானலில் இரண்டு நாள் கோல்ஃப் ஆட விரும்புகிறார். தாராளமாக ஆடட்டும். விருத்தாசலத்தில் இரயிலேறிக் கொடைரோட்டில் இறங்கினால், அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சாலைப் பயணம். சொந்தக் காரில் செல்வோருக்கு 2024 முதல் இ-பாஸ் தேவை. 1895இல் தொடங்கிய கோல்ஃப் கழகத்தில் விருந்தினருக்கு இடமுண்டா என முன்னரே கேட்டறிதல் நலம்.

18 குழிகளையும் ஆடி முடிக்க நான்கு மணி நேரத்திற்கு மேலாகும். சுபுஹுத் தொழுது, வெளிச்சம் வந்ததும் தொடங்கி, ஒன்பதோடு நிறுத்தினால் என்ன? பயணிக்கு லுஹர் இரண்டே ரக்அத். அதன்பின் பொழுதெல்லாம் பிள்ளைகளுக்கு. 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் அமைத்த ஏரியில் படகேறலாம். ஈராண்டுக்கொருமுறை வரும் அத்தாவை அவர்கள் விடுதி அறைச் சன்னலிலிருந்தா பார்க்க வேண்டும்?

இதை மச்சானிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார், இன்னும் பதில் சொல்லவில்லை.