கும்பிட்டவரும் கும்பிடாதவரும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சேலத்தின் முகமே மாறிவிடும். கோட்டை மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கூட்டம். அம்மாப்பேட்டை, அன்னதானப்பட்டி, செவ்வாய்ப்பேட்டை என்று பேட்டைக்குப் பேட்டை பொங்கலும் மாவிளக்கும். குகையில் வண்டி வேடிக்கை பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் சொந்தபந்தங்கள் வந்து இறங்குவார்கள்.

அதே ஆடியில், பல வீடுகளுக்குள் சத்தமில்லாமல் ஒரு சண்டையும் நடக்கும்.

"மாவிளக்கு எடுக்கிறோம், கூட வா கண்ணு" என்பார் அம்மா. "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லம்மா, நீ போயிட்டு வா" என்பான் மகன். அம்மாவின் முகம் சுருங்கிவிடும். சாமி கோபித்துக்கொள்ளுமே என்ற பயம் மட்டுமல்ல அது. 'நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தா இவன் யாரைக் கூப்பிடுவான்?' என்பதுதான் அவருடைய உண்மையான கவலை.

நியாயமான கேள்விதான். சாமி கும்பிடுகிறவர்தான் சந்தோஷமாக இருக்க முடியுமா? கும்பிடாதவருக்கு அது கிடைக்காதா?

இதற்கு நம் பக்கத்திலேயே இரண்டு பெரியவர்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

ஒருவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர். நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் எழுதிய பக்திமான். இன்னொருவர் பக்கத்து ஊரான ஈரோட்டுப் பெரியார். கடவுளே இல்லை என்று ஊர் ஊராகப் பேசியவர். நீதிக்கட்சி, திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் நடந்த மாநாட்டில்தான்.

துக்கம் இருவரையுமே விடவில்லை. ராஜாஜி நடுத்தர வயதிலேயே மனைவியை இழந்து, ஐந்து பிள்ளைகளோடு நின்றார். பெரியாருக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்துபோனது. 1933-ல் மனைவி நாகம்மையும் போய்விட்டார். கும்பிட்டவருக்கு ஒரு சலுகையும் இல்லை, கும்பிடாதவருக்குத் தனித் தண்டனையும் இல்லை.

அதன்பிறகு இருவரும் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ராஜாஜி 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கதர் வேலையும் மதுவிலக்குப் பிரசாரமுமாக ஏழை மக்களோடு வாழ்ந்தார். 1937-ல் முதலமைச்சராக இருந்தபோது, மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். 80 வயதைத் தாண்டிய பிறகும் புதுசாக ஒரு கட்சியே ஆரம்பித்தார். பெரியாரோ, கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர். கடைசி மேடைப் பேச்சைச் சென்னை தியாகராய நகரில் பேசிய ஐந்தாம் நாள் காலமானார்.

இருவருமே 94 வயது வாழ்ந்தார்கள். அவர்கள் மனசுக்குள் எட்டிப் பார்த்து, யாருக்குச் சந்தோஷம் அதிகம் என்று நாம் அளக்க முடியாது. ஆனால் இருவருக்குமே செய்ய வேலை இருந்தது. சுற்றி மனிதர்கள் இருந்தார்கள். அரசியலில் நேருக்கு நேர் மோதிய அவர்கள், கடைசி வரை நண்பர்கள். 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி மறைந்தபோது, இறுதிச் சடங்கில் பெரியார் கண்ணீர் விட்டு அழுதார். ஓராண்டு நிறைய ஒரு நாள் இருக்கும்போது அவரும் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு பேர் கதையை வைத்து ஊருக்கே தீர்ப்பு சொல்லலாமா என்று கேட்பீர்கள். ஆராய்ச்சியாளர்களும் இதைத் தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்த நாட்டில் வழிபாட்டில் தவறாமல் கலந்துகொள்கிறவர்களில் 36 சதவீதம் பேர் 'ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன்' என்றார்கள். மதமே இல்லை என்றவர்களில் அது 25 சதவீதம்தான். "பார்த்தியா, நான் சொல்லல?" என்று அம்மா கேட்கலாம்.

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. பெயருக்கு ஒரு மதத்தில் இருந்துகொண்டு, வழிபாட்டுக்கு அதிகம் போகாதவர்களிடமும் அதே 25 சதவீதம்தான்!

அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் இதற்கு விடை சொன்னார்கள். வாரம் தவறாமல் வழிபாட்டுக்குப் போய், அங்கே மூன்று முதல் ஐந்து நெருங்கிய நண்பர்களும் இருப்பவர்களில் 33 சதவீதம் பேருக்கு வாழ்க்கையில் முழுத் திருப்தி. அதே மாதிரி வாராவாரம் போயும், அங்கே நெருங்கிய நண்பர் ஒருவரும் இல்லாதவர்களில் 19 சதவீதம் பேருக்குத்தான். வழிபாட்டுக்கே போகாதவர்களுக்கும் அதே 19. அதாவது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது அங்கே கிடைத்த ஆட்கள்தான்.

நம் ஊரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூட்டுவலியால் கோயிலுக்குப் போக முடியாமல்போன பாட்டியை நினைத்துப் பாருங்கள். வீட்டுப் பூஜை அறையில் சாமி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் பாட்டி வாடிப்போகிறார். கோயில் திண்ணையில் மருமகள் கதையும் மாத்திரை கதையும் பேச ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

நம்பிக்கைக்குப் பலனே இல்லை என்று சொல்லவில்லை. நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு வடநாட்டுக்குக் கிளம்புகிற டிரைவர், கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வண்டியை எடுப்பார். நடுராத்திரி நெடுஞ்சாலையில் அது அவருக்கு ஒரு துணை. வாழ்க்கை கடினமாக இருக்கும் நாடுகளில்தான் மதம் மனசுக்கு அதிகம் தெம்பு தருகிறது என்று 2011-ல் எட் டீனர் குழுவினரின் ஆய்வும் சொன்னது. வசதியும் பாதுகாப்பும் உள்ள நாடுகளில் நம்புகிறவரும் நம்பாதவரும் ஏறக்குறைய ஒரே அளவு சந்தோஷத்தில்தான் இருந்தார்களாம்.

ஆனால் அதே நம்பிக்கையின் பெயரால், கணவனை இழந்த பெண்ணை மகள் கல்யாணத்தில் ஓரமாக நிற்கச் சொன்னால் அவருக்கு எங்கிருந்து வரும் நிம்மதி? சாதியைச் சொல்லி வாசலிலேயே நிறுத்தப்பட்டவருக்கு? 1924-ல் வைக்கம் கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் எல்லோரும் நடக்கவேண்டும் என்று சிறை போனவர் பெரியார். 1939-ல் கோயிலுக்குள் எல்லோரும் நுழையச் சட்டம் கொண்டுவந்தவர் ராஜாஜி. வெளியே நிறுத்தப்பட்டவரின் வலி, கும்பிட்டவருக்கும் புரிந்தது, கும்பிடாதவருக்கும் புரிந்தது.

எனவே தம்பி, உனக்கு நம்பிக்கை இல்லையென்றால் பரவாயில்லை. ஆனால் கோயிலை விட்டவன் ஆட்களையும் சேர்த்து விட்டுவிடாதே. ரத்ததானக் குழுவோ, நூலகமோ, கிரிக்கெட் டீமோ, வாரம் ஒருமுறை நாலு பேர் முகம் பார்க்கிற இடம் ஒன்று வைத்துக்கொள். வண்டி வேடிக்கைக்கு அம்மாவைப் பைக்கில் கூட்டிப்போக நம்பிக்கை தேவையில்லை. பெட்ரோல் இருந்தால் போதும்.

அம்மா, உங்களுக்கும் ஒன்று. கஷ்டம் வந்தால் இவன் யாரைக் கூப்பிடுவான் என்று கேட்டீர்களே... முதலில் உங்களைத்தான் கூப்பிடுவான். மாவிளக்குக்கு வரவில்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். திரும்பி வந்ததும், அந்த மாவில் ஓர் உருண்டை அவனுக்கும் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டான்.